ஒரு சொட்டு பிளேட்லெட்டுக்கு ஒரு டம்ளர் பப்பாளி இலைச்சாறு

அன்னிக்குப் புதன்கிழமை. எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். ராஜபாளையம் லேப்புல ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்ட வாங்கிட்டு, பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்து சேரணும். அம்புட்டுதான்!

மறுநாள் எனக்கு வலது கண்ணுல ஆபரேஷன். விழித்திரைக்கு நட்டநடுவுல ஒரு சின்ன ஓட்டை. பேப்பர் படிச்சா வரி நடுவுல ரெண்டு எழுத்தக் காணோம். போன வருஷம் ஒரு தடவ ஆபரேஷன் பண்ணியும் மூடல.

மதுரையிலேர்ந்து வியாழக்கிழமை மட்டும் ராஜபாளையம் வர்ற டாக்டரம்மா வெவரமாச் சொன்னாங்க. "இந்தத் தடவ உங்க ரத்தத்தையே எடுத்து, மெஷின்ல சுத்தி, பிளேட்லெட்டுங்கிற தட்டணு நெறைய இருக்கிற பாகத்த மட்டும் பிரிச்சு அந்த ஓட்டை மேல வைக்கப் போறோம். ஆறுறதுக்கு அது உதவும்."

"அப்பவும் மூடலேன்னா டாக்டர்?"

"மொதல்ல இதப் பண்ணுவோம்."

அந்தப் பதில்லேர்ந்து எனக்கு, அந்தக் கண்ணு அம்புட்டுதானோன்னு பயம். வெளிய காட்டிக்கல.

லேப்புல இருந்த பொண்ணு, "எல்லாம் நார்மல் சார், பிளேட்லெட்டும் நார்மல்"ன்னு ரிப்போர்ட்டக் கையில குடுத்துச்சு.

வேற ஆளா இருந்தா நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பான். நான் அப்படியா? ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி அனுப்புற கம்பெனியில முப்பது வருஷமா டெஸ்பாட்ச் பாக்குறவன். அதனால பாதி டாக்டர்னு எனக்கு ஒரு நெனப்பு!

பஸ்ல யோசன ஓடுச்சு. ஓட்டைய அடைக்கப் போறது நம்ம சொந்தச் சரக்கு. நார்மல் சரக்கு போதுமா? முதல் தரமா இருக்க வேண்டாமா? பிளேட்லெட் கூடணும்னா என்ன செய்யணும்னு டெங்கு சீசன்ல எங்க தெருவே பேசிக் கேட்டிருக்கேன். பப்பாளி இலைச்சாறு!

பக்கத்து வீட்டு மளிகைக் கடை காதர் பாய் கொல்லையில பப்பாளி மரம் நிக்குது. நேரா அங்க போனேன்.

"பாய், நாலு பப்பாளி இலை வேணும்."

பாய் மொகம் மாறிருச்சு. "யாருக்கு அண்ணாச்சி டெங்கு?"

"டெங்கெல்லாம் இல்ல. கண்ணுக்கு."

"டெங்கு கண்ணுக்கே ஏறிருச்சா!"

வெளக்கிச் சொல்லியிருக்கணும். அவசரத்துல இலையப் புடுங்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுல என் சம்சாரம் மல்லிகா மிக்ஸிக்குக் குறுக்க நின்னா. "இதக் குடிக்கச் சொல்லி டாக்டரம்மா சொன்னாங்களாங்க?"

"சொல்லல. மறந்திருப்பாங்க."

அரைச்சு வடிகட்டுனா ஒரு டம்ளர் வந்துச்சு. ரெண்டு ஸ்பூன் போதும்னு கேள்வி. ஆபரேஷன் நாளைக்கே இருக்கே, ரெண்டு ஸ்பூன் எந்த மூலைக்குன்னு மொத்தத்தையும் ஒரே மூச்சுல குடிச்சேன். அப்படி ஒரு கசப்ப நான் கல்யாணமாகி இத்தன வருஷத்துல பாத்ததில்ல! இதச் சத்தமாச் சொன்னதும் தப்பு.

அரை மணி நேரத்துல வாசல்ல கொசு ஒழிப்பு அக்கா ரெண்டு பேரு. கையில டார்ச்சு.

"இங்க டெங்குன்னு கடையில பேசிக்கிட்டாங்க. தொட்டி, டயரு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி எல்லாம் பாக்கணும்."

"எங்க வீட்ட நல்லாப் பாத்துக்கோங்க. கண்ணாடி மாதிரி இருக்கும்"ன்னு மல்லிகா நெஞ்ச நிமித்திச் சொன்னா.

ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற தண்ணித் தட்டுல டார்ச்சு அடிச்சாங்க. அங்க கொசுப்புழு குடும்பம் நடத்துது!

"எக்கா, இதுக்குப் பேரு என்ன?"ன்னு டார்ச்சு அடிச்ச பொண்ணு கேட்டுச்சு. மல்லிகா புழுவப் பாக்கல. என்னப் பாத்தா.

பொழுது சாயுறதுக்குள்ள தெரு பூராம் புகை அடிச்சாச்சு. எல்லாரும் இருமிக்கிட்டே எங்க வீட்டப் பாத்தாங்க.

விடிஞ்சதுலேர்ந்து சாறு தன் வேலையக் காட்டிருச்சு. பேதி. நான் உள்ள போறதும் வாரதுமா இருக்கேன். ஆட்டோவுல ராஜபாளையம் போறதுக்குள்ள ரெண்டு எடத்துல நிறுத்தச் சொல்லிட்டேன்.

டாக்டரம்மா, "வேற எதாவது மருந்து சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க.

நான் மேல சுத்துற ஃபேனப் பாத்தேன். மல்லிகா சொன்னா, "பப்பாளி இலைச்சாறு டாக்டர். ஒரு டம்ளர். பெரிய டம்ளர்."

"எதுக்கு?"

"பிளேட்லெட் கூடட்டும்னு..." என் சத்தம் எனக்கே கேக்கல.

டாக்டரம்மா சிரிப்ப அடக்கிக்கிட்டு, "சார், நாங்க எடுக்கப்போறது ஒரு சிரிஞ்சு ரத்தம். கண்ணுல வைக்கப்போறது ஒரு சொட்டு. ஆபரேஷன் முடிஞ்சா பல நாளு நீங்க குப்புறப் படுத்திருக்கணும். கண்ணுக்குள்ள விடுற வாயு ஓட்டைய அழுத்திப் பிடிக்கிறதே அதுலதான். பத்து நிமிஷத்துக்கு ஒருக்க நீங்க ஓடுனா எப்படி? அடுத்த வியாழன் வாங்க"ன்னாங்க.

வெளிய பெஞ்சுல உக்காந்ததும் எனக்கு நெசமாவே அழுகை வந்துருச்சு. ஓட்டைய மூட வந்த நாள நானே கெடுத்துட்டேனே!

மல்லிகா திட்டல. பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சுக்கிட்டா. "அழாதிய. கண்ணு செவந்தா அதுக்கும் ஒரு வாரம் தள்ளிப் போட்டுருவாங்க."

அந்த வாரம் பூராம் கஞ்சியும் ரசஞ்சோறும். காதர் பாய் மாதுளம்பழத்தோட வந்து, "அண்ணாச்சி, பிளேட்லெட் கவுண்டு ஏறிருச்சா?"ன்னு கேட்டுட்டுப் போனாரு.

அடுத்த வியாழன் ஒரு சிரிஞ்சு ரத்தம் எடுத்தாங்க. ஆபரேஷன் முடிஞ்சுது. பொறவு குப்புறப் படுத்து வீட்டுத் தரையவே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். கட்டிலுக்கு அடியில மட்டும் மல்லிகா பெருக்குறதில்லேங்கிறதக் கண்டுபிடிச்சேன். அதையும் சொல்லித் தொலைச்சேன்.

வாயு கரைய சில வாரம் ஆச்சு. டாக்டரம்மா ஸ்கேனப் பாத்துட்டு, "மூடிருச்சு சார்!"ன்னாங்க. இடது கண்ண மறைச்சுக்கிட்டு எதிர்ல இருந்த போர்டப் படிச்சேன். கொஞ்சம் மங்கல்தான். ஆனா ஒரு எழுத்துகூட விட்டுப்போகல.

அந்தச் சந்தோஷத்துல வாய் சும்மா இருக்கல. "டாக்டர், இந்த இடது கண்ணுக்கும் நாளப்பின்ன எதுவும் வராம இருக்க, இப்பவே ஏதாவது குடிச்சு வைக்கலாமா?"

மல்லிகா என்னைய ஒரு பார்வை பாத்தா. வலது கண்ணுல அது துல்லியமாத் தெரிஞ்சுது.