பங்குனி மானும் அட்டமத்துச் சனியும்

இந்த வருடம் மானுக்கும் தெரியாமல், மனைவிக்கும் தெரியாமல் ஒரு காரியத்தை முடித்துவிடுவது என்று விக்னராஜா தீர்மானித்தார். இரண்டு பேரில் மனைவியை ஏமாற்றுவதுதான் சுலபம் என்று நினைத்தார். மனுசனுக்கு அங்கேதான் கணக்குப் பிழைத்தது.

மல்கிரேவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் விக்னராஜாவுக்கு, ஐம்பது வயது தாண்டிய பிறகு வில்வித்தையில் மோகம் பிறந்தது. வில் வாங்கினார். லைசன்ஸ் எடுத்தார். பின்வளவில் வைக்கோல் கட்டை நிறுத்தி எய்து எய்து பழகினார். கராஜ் கதவில் இரண்டு ஓட்டை விழுந்ததைத் தவிர வேறு சேதமில்லை. வைக்கோல் நன்றாகத்தான் அகப்பட்டது. மான்தான் அகப்படவில்லை.

குற்றம் வில்லில் இல்லை, காலத்தில். துவக்கு வைத்திருப்பவன் எட்ட நின்று சுட்டுவிடலாம். வில்லுக்காரன் கிட்டப் போக வேண்டும். சாதாரண நாளில் ஆள் வாடை பட்டாலே சிவப்பு மான் அடுத்த மலைக்குப் போய்விடும். தென்கோளத்து இந்த நாட்டில் பகல் குறுகி, இரவு குளிரத் தொடங்கும் பங்குனியில்தான் கலைக்கு, அதாவது ஆண்மானுக்கு, புத்தி பேதலிக்கும். பெண்மான்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஊர் கேட்கக் கர்ச்சிக்கும். எங்கேயாவது இன்னொரு கலை கத்தினால் முன்பின் பாராமல் சண்டைக்கு ஓடி வரும். சட்டம் வருடம் முழுக்க வேட்டைக்கு விட்டிருக்கிறது. மான் அந்த இரண்டு மூன்று கிழமைதான் விடுகிறது.

விக்னராஜா இதுவரை போனதெல்லாம் மனைவி சத்தியபாமா பார்த்துக் கொடுத்த லீவில். ஒரு முறை மாசியில் போனார். கலைகள் வாயே திறக்கவில்லை. அடுத்த முறை ஆனியில் போனார். கல்யாணம் முடிந்து களைத்துப்போன கலைகள் பற்றைக்குள் படுத்துவிட்டன. பந்தி முடிந்த பிறகு மொய்யோடு வந்தவர் மாதிரிக் காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

கூட வேலை செய்யும் மதுரைக்காரர் பாஸ்கருக்கும் வில் பைத்தியம் உண்டு.

"அண்ணா, இந்த வாட்டி மிஸ் பண்ணிடாதீங்க. ஏப்ரல் முதல் வாரம் போங்க. கிராம்பியன்ஸ் பக்கம் என் ஃப்ரெண்டோட பண்ணை இருக்கு. இப்பவே ஒண்ணு ரெண்டு கத்த ஆரம்பிச்சிருச்சாம்."

"பங்குனியில என்னை விடமாட்டா தம்பி."

"ஏன், எதாவது விரதமா?"

"வீடு கழுவிறது."

சித்திரை வருடப்பிறப்புக்கு சத்தியபாமாவின் தமையன் தேவராஜா வென்ட்வேர்த்வில்லில் இருந்து குடும்பத்தோடு வருவார். அவர் வந்து யன்னல் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பார். அந்த ஒரு விரலுக்காக விக்னராஜா பங்குனி முழுக்க ஏணியில் நிற்பார். மானுக்குப் பங்குனியில் கல்யாணம், விக்னராஜாவுக்குப் பங்குனியில் ஒட்டடை.

இந்த முறை அவர் யோசித்தார். பாம்புக்கும் பேய்க்கும் பயப்படாத சத்தியபாமா ஒரே ஒருவருக்குத்தான் பயப்படுவார். சனீஸ்வரனுக்கு.

"இஞ்சரும் பாமா, கோயில் ஐயரைக் கண்டனான்."

குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த சத்தியபாமா நிமிர்ந்தார். "என்னவாம்?"

"எனக்கு அட்டமத்துச் சனியாம்."

கத்தி நின்றது. "ஐயோ! பரிகாரம்?"

"ஏப்ரல் முதல் கிழமை வீட்டில இருக்கப்படாதாம். மூண்டு நாள் காட்டில தங்க வேணுமாம். ஒரு வனவாசம் மாதிரி."

"காட்டிலயோ? வில்லும் கொண்டு போகவோ?"

"காடெல்லே. ஒரு பாதுகாப்புக்கு."

சத்தியபாமா அவரை ஒரு கணம் பார்த்தார். வெங்காயம் வெட்டிய கண் கலங்கித்தான் இருந்தது. "சனியோட விளையாடேலாது. போட்டு வாங்கோ."

விக்னராஜாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இவ்வளவு சுலபமென்று தெரிந்திருந்தால் மாசியும் ஆனியும் வீணாகியிருக்காதே!

மறுநாள் ஏணி முற்றத்துக்கு வந்தது.

"என்ன இது?"

"பரிகாரத்துக்குப் போறவரின்ர வீடு துப்புரவா இருக்க வேணுமெல்லே. அரைகுறையா விட்டிட்டுப் போனால் சனி வீட்டோட தங்கிவிடும்."

ஒரு மாத வேலையை ஒரே கிழமையில் செய்து முடித்தார். யன்னல், திரைச்சீலை, கார்ப்பெற், கூரைப் பீலிக்குள் கிடந்த சருகு எல்லாம் முடிந்தது. இடுப்புப் பிடித்துக்கொண்டது. பரவாயில்லை, மானுக்காகத்தானே!

புறப்படும் நாள் விடியக் காரைத் திறந்தார். முன் சீற்றில் சத்தியபாமா பெல்ற் போட்டுக்கொண்டு இருந்தார்.

"நீர் எங்க?"

"வனவாசம் போற புருசனைப் பெண்சாதி தனிய விடுறதோ? பயப்படாதேங்கோ, மானைப் பிடிச்சுத் தாங்கோ எண்டு நான் கேக்கமாட்டன்."

சரி, இருக்கட்டும் என்று விக்னராஜா மனதைத் தேற்றிக்கொண்டார். குளிருக்குள் பாமா விடிய எழும்பப்போவதில்லை. அந்த நேரத்தில் மெல்ல நழுவிவிடலாம்.

கார் நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு சத்தியபாமா விதிகளைச் சொன்னார். "மூண்டு நாளும் சைவம். காகத்துக்குச் சோறு. பின்னேரம் எள்ளெண்ணெய் விளக்கு. உயிர்க்கொலை கூடவே கூடாது. நுளம்பும் அடிக்கப்படாது."

கார் ஒரு பக்கம் இழுத்தது.

"என்னப்பா, சனி இழுக்குதோ?"

"இல்லை. காத்து."

முதல் விடியல். விக்னராஜா வில்லை அணைத்துக்கொண்டு கூடாரத்திலிருந்து தவழ்ந்து வெளியே வந்தார். வெளியே மடக்குக் கதிரையில், கம்பளிக்குள், கையில் தேத்தண்ணிப் போத்தலோடு சத்தியபாமா இருந்தார். "வாங்கோ, உங்களுக்குத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றார்.

பள்ளத்துக்கு அப்பால் கலைகள் கர்ச்சித்துக்கொண்டிருந்தன. ஒன்று முடிக்க மற்றது தொடங்கியது. சரியான கிழமை, சரியான குளிர். காற்றுக்கூட எதிர்ப்பக்கம். இரண்டு வருடமாகக் கனவு கண்ட காலை இதுதான். விக்னராஜா பிளாஸ்டிக் குழாயை வாயில் வைத்துக் கலை மாதிரிக் கத்தினார். ஒரு கலையும் வரவில்லை. இன்னொரு முறை கத்தினார்.

"ஏன் வருத்தக்காரன் மாதிரி முனகிறியள்?"

"இது கலையின்ர சவால், பாமா."

"இந்தச் சத்தத்துக்கு ஆர் சண்டைக்கு வருவினம்? பாவம் எண்டு விட்டிடும். தாங்கோ இஞ்ச."

குழாயை வாங்கினார். மாடியிலிருந்த புருசனை இருபத்தைந்து வருடம் சாப்பிடக் கூப்பிட்ட தொண்டை அது. ஒரே கர்ச்சனை. பள்ளம் அதிர்ந்தது. எதிர்க்கரையில் ஒரு கணம் எல்லாக் கலைகளும் வாயடைத்துப்போயின. பிறகு சுள்ளி முறியும் சத்தம் கேட்டது.

கலை வந்தது. கழுத்து மயிரெல்லாம் சேறு, கொம்பில் புல்லுக்கற்றை, மூக்கில் புகையாக மூச்சு. இருபது மீற்றரில் பக்கவாட்டாக நின்றது. விக்னராஜாவின் கை தானாக வில்லை இழுத்தது. கண் குறிக்குள் போனது.

"இஞ்சருங்கோ," காதுக்குள் ஒரு மூச்சு, "பரிகாரம்."

சனி பொய் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அம்பை விடலாம். விட்டால் மானோடு வீட்டுக்குப் போகலாம். வீட்டில் அதற்குப் பிறகு எந்தப் பங்குனியில் எந்த வார்த்தையைப் பாமா நம்புவார்? ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். சத்தியபாமா வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை வெட்டாமல் அந்தக் கலையையே பார்த்துக்கொண்டிருந்தார். விக்னராஜா மெல்ல வில்லைத் தளர்த்தினார். கலை தன்னைக் கூப்பிட்டவனைத் தேடி இரண்டு தரம் சுற்றிப் பார்த்து, ஒரு கர்ச்சனை விட்டு, பெண்மான்களிடம் திரும்பிப் போனது.

"என்ன வடிவப்பா!" என்றார் சத்தியபாமா. குளிர்ந்த கையால் அவர் கையைப் பிடித்தார்.

விக்னராஜாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. மான் போய்விட்டது, துக்கம் வரவில்லை. சந்தோசம்தான் வந்தது. இப்படி இரண்டு பேரும் ஒரு காலையில் சும்மா இருந்து எத்தனை காலம்! அந்தச் சந்தோசத்துக்குள்ளேயே ஒரு புதுக் கணக்கும் முளைத்தது. பாமாவுக்குக் காடு பிடித்துவிட்டது. கூப்பிடத் தொண்டையும் இருக்கிறது. அடுத்த பங்குனியில் இவர் கூப்பிட, நான் எய்ய, எந்தக் கலை தப்பும்?

"பாமா, அடுத்த பங்குனிக்கும் வருவமே?"

"ஓம், கட்டாயம். வீட்டை முதலே கழுவிப்போட்டு வருவம்."

"அடுத்த முறை பரிகாரமும் இல்லை. ஆறுதலா…"

சத்தியபாமா தேத்தண்ணியை ஊற்றி நீட்டினார். "நீங்கள் சொன்ன அண்டைக்கே ஐயருக்குப் போன் எடுத்தனான். உங்களைக் கண்டே கனநாளாம்."

விக்னராஜா தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"எண்டாலும் வாயால கூப்பிட்ட சனியைத் திருப்பி அனுப்பேலாதெல்லே. அட்டமத்துச் சனி வந்தால் ரெண்டரை வருசம் நிக்குமாம். அடுத்த பங்குனியும், அதுக்கடுத்த பங்குனியும் நாங்கள் இஞ்சதான். வில்லை மட்டும் வீட்டில வைச்சிட்டு வாங்கோ, சும்மா ஏன் சுமக்கிறியள்?"