அம்பது சாரும் குடும்ப வரியும்

திருச்சி ஜில்லாவிலேயே வாசலுக்கு வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிச் சம்பளம் வாங்கிய ஒரே சேல்ஸ்மேன் எங்கள் அம்பது சார்தான். அந்த மனுஷனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

தென்னூரில் ஒரு ஏ.சி. கடை. விற்பனைக்கு நாங்கள் இரண்டே பேர். கோடை சீசனில் விற்கிற ஒவ்வொரு ஏ.சி.க்கும் கமிஷன் உண்டு. ஆனால் மே கடைசியில் கணக்கு முடிக்கும்போது முதலாளி அதில் 'குடும்ப வரி' என்று ஒன்றைப் பிடிப்பார். பத்தாயிரம் கமிஷன் வந்தால் பத்து சதவீதம் வரி. இருபதாயிரம் என்றால் மொத்தத்துக்கும் இருபது சதவீதம். இப்படி ஆயிரத்துக்கு ஒரு சதவீதம் ஏறிக்கொண்டே போகும். கேட்டால், "கடை ஒரு குடும்பம்யா. நிறைய சம்பாதிக்கிற பிள்ளை நிறையக் குடுக்கணும்" என்பார். அந்தக் குடும்பத்தில் வாங்கிக்கொள்கிற ஆள் அவர் ஒருவர்தான்.

அம்பது சார் எம்.எஸ்ஸி. கணக்கு. கமிஷன் ஐம்பதாயிரம் தொட்டதும் நாற்காலியில் சாய்ந்து பேப்பரைப் பிரித்துவிடுவார். பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். ஒருமுறை ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமா வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"ஆத்துல தோப்பனார் வெந்துண்டிருக்கார். ஒரு ஏ.சி. குடுங்கோ."

"ஜூன்ல வாங்க."

"ஜூன்ல காத்து அடிக்க ஆரம்பிச்சுடுமே."

"அப்ப ஏ.சி.யே வேணாம். உங்களுக்கு மிச்சம்தானே."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எனக்குக் கல்யாணமான புதிது. நான் மன்னார்புரத்தில் ஒரு ரூமில், மனைவி புதுக்கோட்டையில் அவள் அம்மா வீட்டில். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தேன். அட்வான்ஸுக்கு இருபத்தைந்தாயிரம் குறைந்தது. "இந்த மாசமாவது கூட்டிட்டுப் போவீங்களா?" என்று அவள் தினமும் போனில் கேட்பாள். அம்பது சார் காதுபடவே அட்வான்ஸ் கணக்கைச் சொல்லிப் புலம்புவேன். இங்கே இந்த ஆள் வந்த லட்சுமியைக் கதவைச் சாத்தி அனுப்புகிறார்.

விடுவேனா? அவர் விரட்டிய ஆட்களையெல்லாம் நான் வளைத்துப் பிடித்தேன். சமயபுரத்தில் ஒரு லாட்ஜுக்கு மாடி மாடியாக ஏ.சி. விற்றேன். அம்பது சார் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார்.

"ஒரு கணக்கு சொல்றேன். நாப்பதாயிரம் சம்பாதிச்சவனும் அறுபதாயிரம் சம்பாதிச்சவனும் வீட்டுக்கு ஒரே பணம்தான் கொண்டு போறான். எப்படி?"

"விடுகதை போடுற நேரமா சார் இது? சோம்பேறித்தனத்துக்குக் கணக்கு வேற" என்று கத்திவிட்டு அடுத்த ஆளைப் பிடிக்கப் போனேன்.

மே மாதக் கடைசி நாள் முதலாளி கணக்கு முடித்தார். என் கமிஷன் சரியாக ஒரு லட்சம். வரி நூறு சதவீதம். கைக்கு ஒன்றுமில்லை.

"நாயா அலைஞ்சிருக்கேன் சார். ஒத்தை ரூபா கிடையாதா?" மேஜையில் ஓங்கி அடித்தேன். என் கைதான் வலித்தது.

"குடும்பத்துக்காகத்தானேய்யா குடுக்கறே" என்றார் முதலாளி, வெற்றிலையை மடித்துக்கொண்டே.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். ஒரே வாடிக்கையாளரிடம் இரண்டு பேருமே பேசியிருப்போம் என்பதால், கணக்கு முடிகிற அன்று இருவரும் சம்மதித்தால் பில்லை ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அம்பது சார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

"அவர் பில்லுல பாதியை என் பேர்ல போடுங்க."

என் கணக்கு ஐம்பதாயிரத்துக்கு இறங்கியது. பாதி வரி போக இருபத்தைந்தாயிரம் கைக்கு வந்தது. மறுநாளே வீட்டுச் சாவியை வாங்கி, மனைவியை அழைத்து வந்தேன். பால் காய்ச்சிய கையோடு அவள் கேட்டாள்: "அப்ப அவருக்கு எவ்வளவு வந்துச்சு?"

அப்போதுதான் உறைத்தது. அவருடைய ஐம்பதோடு என் ஐம்பதும் சேர்ந்தால் லட்சம். அவருக்கு ஒன்றுமே வந்திருக்காது.

பால் டம்ளரை அப்படியே வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினேன். போகிற வழியெல்லாம் மனக்கணக்குப் போட்டதில் கோபம் இரண்டு மடங்காகியிருந்தது.

"ஏன் சார், எம்.எஸ்ஸி. படிச்சவர்தானே நீங்க? இருபத்தஞ்சாயிரத்துக்கு மட்டும் பில்லை மாத்தியிருந்தா ரெண்டு பேருக்கும் எழுபத்தஞ்சு எழுபத்தஞ்சுன்னு ஆயிருக்கும். வரி போக ஆளுக்குப் பதினெட்டாயிரத்து எழுநூத்தம்பது கிடைச்சிருக்குமே. இந்தச் சின்னக் கணக்கு தெரியலையா?"

"அட்வான்ஸுக்கு எவ்வளவு குறைஞ்சுது?"

"இருபத்தஞ்சாயிரம்."

"பதினெட்டு குடுத்தா வீட்டுக்காரர் முக்கால் கதவைத் திறந்துவிடுவாரா?"

பேப்பரைப் புரட்டினார்.

நான் அந்தக் கடையை விட்டு வந்து வருஷங்கள் ஆகின்றன. இந்த மே மாதம் வெயில் தாங்காமல் வீட்டுக்கு ஏ.சி. வாங்க அங்கே போனேன். அம்பது சார் பெயரில்தான் பில் போட வேண்டும் என்றேன். மனுஷன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அம்பது ஆயிடுச்சு. ஜூன்ல வாங்க."

திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வேறு கடையில் வாங்க மனைவிக்கும் மனசில்லை, எனக்கும் மனசில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து, விசிறிக்கொண்டு, ஜூனுக்காக உட்கார்ந்திருக்கிறோம்.