வெள்ளிக்கிழமை மழை

காலையில் முதல் டீ வயிற்றுக்குள் இறங்கும்வரை நான் செய்கிற காரியம் எதற்கும் நான் ஜவாப்தாரி இல்லை. உடம்பு எழுந்து வேலைக்குப் போய்விடும். நான் கனவை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு பின்னாலேயே மெதுவாகப் போய்ச் சேருவேன். என் கல்யாணம்கூட விடியற்காலை முகூர்த்தம்தான். மாப்பிள்ளை முகத்தைச் சரியாகப் பார்த்ததே இட்லி தின்னும்போது. (பார்த்ததும், மறுபடி தூங்கிவிடலாமா என்றிருந்தது. அது வேறு கதை.)

நகரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆயா வேலை. கேட்டைத் திறக்க வேண்டும், பெருக்க வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்த நேரத்தில் ஊரில் விசைத்தறிகள் ஓட ஆரம்பித்திருக்காது. ஊரையே பஞ்சுக்குள் பொதிந்து வைத்த மாதிரி இருக்கும். மூக்கு மாதிரி இருக்கிற எங்கள் மலை, பனிப் போர்வைக்கு வெளியே அந்த மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு தூங்கும். அதைப் பார்த்துக்கொண்டே நானும் தூங்கியபடி தெளிப்பேன். கை தானாக வீசும். தண்ணீர் எங்கே விழுகிறது என்பது தண்ணீரின் இஷ்டம்.

சில வருஷத்துக்கு முன்னால், சங்கராந்தி லீவு முடிந்த கையோடு, ஏழாம் வகுப்பு கீதா டீச்சர் மைதானத்தின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை நட்டுவைத்தார். அதன் கழுத்தை அறுத்து, தலைகீழாக அதற்குள்ளேயே சொருகியிருந்தார். பிள்ளைகள் சுற்றிலும் வட்டமாகக் கல் பதித்து, கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள்.

"ஆயா, இத யாரும் தொடக்கூடாது. பசங்க செருப்புக் காலோட கல்ல மிதிக்கக் கூடாது. தெனமும் ஒன்பது மணிக்கு பவானி வந்து பாப்பா. ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. நீங்கதான் காவல்," என்றார் டீச்சர்.

இது என்ன என்று நான் கேட்கவில்லை. டீச்சரைக் கேள்வி கேட்டால் பாடம் நடத்திவிடுவார். மூன்றாங்கிளாஸோடு நான் தப்பித்து வந்தது அதற்காகவா?

மறுநாள் ஒன்பது மணிக்கு பவானி வந்தாள். தறி ஓட்டுகிறவர் பெண். பென்சிலைச் சீவினால்கூடச் சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற பிள்ளை. அவள் பாட்டிலுக்கு முன்னால் மண்டி போட்டாள். தலையைத் தாழ்த்தி, மூச்சுவிடாமல் பார்த்தாள். பிறகு பயபக்தியாகப் பின்வாங்கி எதையோ எழுதிக்கொண்டாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வட்டக் கல், சுண்ணாம்பு, செருப்பு ஆகாது, நேரம் தவறக் கூடாது, மண்டி போட வேண்டும். எந்தச் சாமியோ தெரியவில்லை, டீச்சர் வீட்டு வழக்கமாக இருக்கும். பிளாஸ்டிக்கில் இருந்தால் என்ன, சாமி சாமிதானே.

அதனால் வெள்ளிக்கிழமை விடிந்தால் ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு துளசி இலையும் சாமி தலையில் விட்டேன். அன்றைக்கே கிருத்திகையும் சேர்ந்து வந்தால் ரெண்டு டம்ளர். பவானி வந்து பார்த்து எழுதிவிட்டு, தீர்த்தத்தைக் கீழே கொட்டுவாள். வாயில் ஒரு சொட்டுக்கூட விட்டுக்கொள்ளாமல் கொட்டுகிறதே இந்தப் பெண் என்று எனக்குக் கஷ்டமாக இருக்கும். (நல்லவேளை, அவளைக் கூப்பிட்டுக் குடிக்கச் சொல்லவில்லை.)

பங்குனிக் கடைசி வெயிலில் திருப்பதியில் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் ஒரு அறிவியல் கண்காட்சி நடந்தது. எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து பவானியின் சார்ட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளுடைய நைனா ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கூடவே வந்தார். "தறிய நிறுத்திட்டு வந்திருக்கேன், மானத்தக் காப்பாத்து," என்று பஸ்ஸிலேயே மகளிடம் சொல்லிவிட்டார். புளிசாத மூட்டைக்குப் பொறுப்பாக நானும் போனேன்.

சார்ட்டை மேசைக்குப் பின்னால் மாட்டினார்கள். அடேயப்பா, மூன்றாங்கிளாஸ் தாண்டாத எனக்கே அது பிடித்துப்போனது. நீலக் கோடு ஒன்று தரையோடு தரையாகப் போகும், திடீரென்று ஒரு மலை ஏறும், இறங்கும், மறுபடி தரை. ரயில் ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டு பார்க்கிற மாதிரியே இருந்தது.

பார்வையிட ஒரு பெரிய சார் வந்தார். "செப்பும்மா, இது என்ன கிராஃப்?" என்றார்.

"எங்க ஸ்கூல் மழை சார். கீழ நாளு, பக்கத்துல மழை அளவு. எங்க ஊர்ல வெள்ளிக்கிழமைல மட்டும் மழை பெய்யுது," என்றாள் பவானி. "மத்த நாள்ல விடிஞ்சதுமே தறி சத்தம் கேக்கும், மேகம் நிக்காது. வெள்ளிக்கிழமை பூஜை போட்டுட்டு லேட்டாத்தான் ஓட்டுவாங்க. அதுவரிக்கும் மேகம் மலைமேல வந்து குந்திக்கினு இருக்கும்."

நான் அப்படியே சொக்கிப்போனேன். சத்தமில்லாத காலையில், சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேகங்கள் மலையிலிருந்து இறங்கி வருகின்றன. எங்கள் மைதானத்தில் மட்டும் கொஞ்சம் தூறிவிட்டு, முதல் தறி தடதடத்ததும் ஓடிப்போகின்றன. வெள்ளிக்கிழமைதோறும் அங்கேயே நின்றும் ஒரு தூறலைக்கூட நான் பார்க்கவில்லையே என்று ஏங்கிக்கொண்டு ஒரு வாய் புளிசாதத்தைப் போட்டேன்.

பெரிய சார் சொக்கவில்லை. "எதிர் மேசைல உங்க பக்கத்து ஊரு புத்தூர் ஸ்கூல் சார்ட் இருக்கு. இந்த மூணு மாசத்துல அங்க ஒரு சொட்டு இல்ல. உங்களுக்கு மட்டும் வாராவாரமா? ஏம்மா, வீட்ல உக்காந்து நீயா எழுதுனதா?"

கீதா டீச்சர் முகம் சுண்டிப்போனது. பவானியின் நைனா மெதுவாகக் கேட்டார்: "பொய்யா எழுதுன?"

"இல்ல நைனா. ஜொரம் வந்த அன்னிக்குக்கூட போய் அளந்தேன்." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அளந்தேன்னா இதுக்கு பதில் சொல்லு," என்றார் சார். "நடுவுல ரெண்டு வெள்ளிக்கிழமை மழை இல்ல. அன்னிக்கு மட்டும் மேகம் எங்க போச்சு?"

பவானி அந்தத் தரைக் கோட்டில் விரலை வைத்தாள். விரல் நகர்ந்தது, நின்றது, திரும்பி வந்தது. அவள் அழுகையை மறந்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது.

"சார், அந்த ரெண்டு வாரமும் நாங்கதான் பெருக்கினோம். ஆயா இல்ல. தடா ஊர்ல அவங்க பொண்ணுக்குக் கொழந்த பொறந்திருந்துச்சு." சொல்லிக்கொண்டே திரும்பினாள். "ஆயா, வெள்ளிக்கிழமை காலைல நீங்க இன்னா பண்ணுவீங்க?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வாய் நிறையச் சோறு.

"வழக்கமா பண்றதுதான். சாமிக்கு ஒரு டம்ளர் தண்ணி."

"எந்த சாமிக்கு?" இது டீச்சர்.

"அதான், நீங்க வச்ச பாட்டில் சாமிக்கு."

கீதா டீச்சர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பவானி மட்டும் விடவில்லை, வக்கீல் மாதிரி கேட்டாள். "அப்போ இந்தப் பெரிய மலை ஏன் ஆயா?"

"அது... கிருத்திகையா இருக்கும். ரெண்டு டம்ளர்."

"சரியா இருக்கு சார்," என்றாள் அவள். அத்தனை நிம்மதி அந்தக் குரலில். "மழைல துளசி எல எங்கிருந்து வருதுன்னு மூணு மாசமா கேட்டுக்கினு இருந்தேன்."

பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார், தோள் மட்டும் குலுங்கியது. பிறகு ஒரு புது கிராஃப் தாளைக் கொடுத்து, ஆயா மழையைக் கழித்துவிட்டுப் போடச் சொன்னார். பவானி போட்டாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே கோடு, புத்தூர்க் கோடு மாதிரியே.

"பொண்ணு அளந்தது தப்பில்லையே சார்?" என்று கேட்டார் அவள் நைனா.

"அளந்தது நூத்துக்கு நூறு. மழைதான் தப்பு."

அவர் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டு, ஏதோ தானே அளந்த மாதிரி நிமிர்ந்து நின்றார்.

பரிசு புத்தூருக்குப் போனது, கூட்டம் எங்கள் மேசைக்கு வந்தது. ரெண்டு சார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, நடுவில் என்னை நிற்கவைத்து, சாயங்காலம்வரை பவானி விளக்கம் சொன்னாள். குச்சியால் மலையைக் காட்டுவாள், அடுத்து என்னைக் காட்டுவாள்.

அத்தோடு போயிற்றா? சேதி எனக்கு முன்னால் பஸ் பிடித்து ஊர் ஊராகப் போய்விட்டது. போன மாசம் குடுபல்லியில் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, தெருமுனைதான் திரும்பினேன். வாசலில் நின்றுகொண்டிருந்த அவள் என்னைப் பார்த்ததும், வா அக்கா என்றுகூடச் சொல்லாமல் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"ஏய், மாடில காயப்போட்ட புளிய வாருங்கடி. எங்கக்கா வந்துட்டா. நாளைக்கு வெள்ளிக்கிழம வேற."