மில்லிவினாடி மாப்பிள்ளை

"கொஞ்சம் வெளியவே நில்லுங்க தம்பி. ராகு காலம் ஆரம்பிச்சிருச்சு."

ஆயர் தாவாரில், கேட்டைத் திறக்காமலே சொன்னார் பெண்ணின் அப்பா ராமையா. ஞாயிறு மாலை நாலு முப்பத்தைந்து. ஈப்போவிலிருந்து பெண் பார்க்க வந்த தனேஸ்வரனின் முகம் தொங்கிப்போனது. மூன்று இடம் தட்டிப்போன முப்பத்தாறு வயதுக்காரன் அவன். புஷ்பலதாவின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

பூமி நாளைக்கு எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்று கணித்து, விண்கலங்களுக்கு வழி சொல்பவர்களுக்கு அனுப்புவது அவன் வேலை. ஒரு மில்லிவினாடி பிசகினால் கலம் எங்கேயோ போய்விடும். அப்பேர்ப்பட்டவன் ஐந்து நிமிடம் தாமதம்.

"அங்கிள், நம்ம நாட்டுக் கடிகாரம் சூரியனுக்கு ஒண்ணேகால் மணி நேரம் முந்தி ஓடுது. ராகு காலம் அஞ்சே முக்காலுக்குத்தான் ஆரம்பிக்கும். இப்ப உள்ள வரலாம்."

"அப்படியா? பூமி சரியாத்தானே சுத்துது?"

இந்தக் கேள்வியை இதுவரை எந்தப் பெண் வீட்டாரும் கேட்டதில்லை. தனேஸ் உருகிவிட்டான். காற்று தள்ளுவது, கடலலை இழுப்பது, உள்ளே உருகிய இரும்பு புரள்வது, எல்லாவற்றையும் காரின் தூசியில் விரலால் வரைந்தான்.

"டேய், வாய மூடுடா," என்றாள் பழத்தட்டைச் சுமந்து நின்ற அக்கா பிரமிளா.

அவன் முடித்தபோது ராமையா கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சே முக்கால். உங்க கணக்குப்படி இப்பத்தான் ஆரம்பிக்குது."

"காலண்டர்படியே போலாம் அங்கிள். ஆறு மணிக்கு முடிஞ்சிரும்."

"படிச்சவரு சொன்னத மீற முடியுமா?"

ஏழேகால் வரை கொசு கடித்தது. பழத்தட்டில் திராட்சை பாதியாகியிருந்தது. பிரமிளா தம்பியிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

"முடிஞ்சிருச்சு அங்கிள்," என்றான் தனேஸ் ஈனக்குரலில்.

"பூமி ஒரே மாதிரி சுத்தலன்னு சொன்னீங்களே. எதுக்கும் இன்னும் பத்து நிமிஷம் பாத்துக்கலாம்லா."

இந்த இடமும் போச்சு என்று அவன் கார் சாவியை எடுத்தான். அப்போது உள்ளேயிருந்து ராமையாவின் மனைவி எட்டிப்பார்த்தாள்.

"என்னங்க, லதா சலூன்ல அலங்காரம் முடிச்சு பின்வாசல் வழியா வந்துட்டா. ராகு காலத்த முடிச்சிருங்க."