உலகத் தரவரிசையில் மங்களம் எஃப்சி

உலகத்தின் தலைசிறந்த கால்பந்து அணி மங்களம் எஃப்சி என்று கணினி சொன்னபோது மருதப்பன் நம்பவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டான். அப்போதும் மங்களம் எஃப்சிதான் முதலில் இருந்தது. மாட்ரிட்டும் மான்செஸ்டரும் அதற்குக் கீழே கைகட்டி நின்றன.

சிங்கப்பூரின் கிளமெண்டியில் உள்ள அந்தச் சின்ன அலுவலகத்தில் அவனுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. உலகத்திலுள்ள கிளப்புகளையும் லீக்குகளையும் புள்ளிவிவரப்படி ஒரே வரிசையில் நிறுத்தும் இந்தக் கணக்கை ஒரு தொலைக்காட்சி நிலையம் வாங்கினால் நிரந்தரமாகும். வாங்காவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். நிலையத்துக்காரர்கள் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

புள்ளியியலில் மருதப்பன் புலி. ஆனால் கால்பந்து ஆட்டம் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. பார்த்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவன் கொள்கை.

அந்தக் கணக்கின் மேல் அவனுக்குப் பக்தியே உண்டு. ஒன்றை ஒன்று கண்ணால் கூடப் பார்த்திராத அணிகளை அது நூல் பிடித்துச் சேர்த்துவிடும். இவன் அவனை வென்றான், அவன் இன்னொருவனை வென்றான் என்று போய்க்கொண்டே இருந்தால், ஐஸ்லாந்தில் மழையில் நடந்த ஓர் ஆட்டம் ஜோகூரில் இருக்கும் ஓர் அணியின் எண்ணைக் கொஞ்சம் அசைத்துவிடும். இத்தனை பெரிய பூமி ஒரு பந்தைச் சுற்றி இப்படிப் பின்னிக் கிடக்கிறதே என்று புக்கிட் மேரா வீட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்து நினைத்து மலைத்துப்போவான். இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டதும் உண்டு.

"மங்களம் எஃப்சி எந்த நாடு?" அவன் தோளுக்குப் பின்னால் இருந்து கேட்டார் லீலா. நிறுவனம் அவருடையது.

"சிங்கப்பூர்."

"சிங்கப்பூர்ல எங்க?"

"லிட்டில் இந்தியா பக்கத்துல ஒரு ஃபீல்டு இருக்குல்ல, அங்க விளையாடுறாங்க. சண்டே லீக். ஊர்லேருந்து வந்து டார்மிட்டரில தங்கி வேலை செய்யறவங்க நடத்துற லீக்."

"அதை ஏன் உள்ள போட்டீங்க?"

"நீங்கதான லீலா, போட்டிக் கம்பெனியை விட நம்மகிட்ட கிளப் அதிகமா இருக்கணும்னு சொன்னீங்க."

சொன்னது உண்மைதான். லீலா திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"எப்படி முதல் இடம்?"

"துவாஸ் ஷிப்யார்டு டீம் ஒண்ணு இந்த லீக்ல இருக்கு. போன மே தினத்துல ஒரு பெரிய கிளப்போட ஃப்ரெண்ட்லி ஆடி ஜெயிச்சுட்டாங்க. அந்த ஒரு மேட்ச் பாலம் போட்டுருச்சு. அந்த ஷிப்யார்டு டீம் மங்களத்துக்கிட்ட எல்லா மேட்சும் தோத்திருக்கு. மங்களம் யார்கிட்டயும் தோத்ததே இல்ல. தோக்காத டீம் மேல போக எல்லையே இல்ல."

"தூக்கிடுங்க."

"கை படாத கணக்குன்னு புரோஷர்ல அச்சடிச்சிருக்கோம்."

"அப்ப கையை வைக்காதீங்க. கணக்கைச் சரி பண்ணுங்க லா."

மருதப்பன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். குறைவாக ஆடுகிற அணிகளின் மதிப்பைக் குறைத்தான். மங்களம் எஃப்சி வருடம் பூராவும் ஞாயிறு தவறாமல் ஆடுகிற அணி. அது அசையவில்லை, மாட்ரிட்தான் இரண்டு இடம் இறங்கியது.

சரி, வெளித் திடலில் பெறும் வெற்றிக்குக் கூடுதல் மதிப்பு கொடுப்போம், ஐரோப்பாக்காரர்கள் ஊர் ஊராகப் போய் ஆடுகிறவர்கள் என்று நினைத்தான். மங்களத்துக்குச் சொந்தத் திடலே கிடையாது. அதன் ஆட்டம் அத்தனையும் வெளித் திடல் ஆட்டமாகப் பதிவாகியிருந்தது. மான்செஸ்டர் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டது.

கடைசி அஸ்திரமாக ஆட்டக்காரர்களின் வயதைச் சேர்த்தான். மங்களத்தின் கோல் கீப்பருக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த வயதிலும் இப்படி வெல்கிறார்களா என்று கணினி அசந்துபோய் அள்ளிக் கொடுத்தது. லீக்குகளின் பட்டியலிலும் இங்கிலாந்தைத் தள்ளிவிட்டு சண்டே லீக் மேலே வந்து உட்கார்ந்துகொண்டது.

மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு மருதப்பன் தனியாக அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் கணக்கு ஒரே பதிலைத்தான் சொன்னது. இத்தனை பிடிவாதமான எண்ணை அவன் வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஒருவேளை கணக்கில் தப்பே இல்லையோ?

லீலாவுக்குப் போன் போட்டான்.

"லீலா, கிரகத்தைக் கண்ணால பாக்கறதுக்கு முன்னாடியே கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சிருக்காங்க. நாமும் ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்கோமோன்னு தோணுது."

லீலாவும் கணக்குப் படித்தவர்தான். "நான் அஹ்சன்கிட்ட பேசுறேன்" என்றார்.

அஹ்சன்தான் தொலைக்காட்சி நிலையத்தின் விளையாட்டுப் பிரிவுத் தலைவர். விஷயத்தைக் கேட்டதும் திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தையே நேரில் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிறு மாலை மூவரும் திடல் ஓரத்தில் நின்றார்கள். மங்களம் எஃப்சியும் துவாஸ் கப்பல்பட்டறை அணியும் மோதின. துவாஸ் பையன்கள் முறுக்கேறிய உடம்போடு குதித்துக்கொண்டிருந்தார்கள். மங்களத்துக்காரர்கள் தொப்பையைச் சட்டைக்குள் அடக்க முடியாமல் நின்றார்கள். கோல் கீப்பர் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"பாத்தா பிளேயர் மாதிரியே இல்லையே" என்றார் லீலா மெதுவாக.

"கண்ணால பாக்காதீங்க. கணக்கால பாருங்க."

ஆட்டம் தொடங்கியது. துவாஸ் அணியின் கேப்டன் சின்னராசு பந்தை வாங்கிக்கொண்டு பறந்தான். ஒருவரைக் கடந்தான், இன்னொருவரைக் கடந்தான். கோல் கீப்பர் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எதிரே வெறும் வலை. அந்த நேரத்தில் சின்னராசு தலையைத் தூக்கி எல்லைக் கோட்டுப் பக்கம் பார்த்தான்.

அங்கே பெரிய குடைக்கு அடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரிய பெரிய ஐஸ் பெட்டிகள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சின்னராசுவைப் பார்த்தார், அவ்வளவுதான். சின்னராசு பந்தைத் திருப்பி வெளியே தட்டிவிட்டு, கீப்பரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.

மருதப்பன் மற்ற இருவர் பக்கமும் திரும்பினான். "பாத்தீங்களா? அவங்கதான் கோச்சா இருக்கணும். ஒரே ஒரு பார்வை."

"நான் சின்ன வயசுலேருந்து பந்து பாக்குறேன்" என்றார் அஹ்சன். "இப்படி ஒரு டிஃபென்ஸ் பாத்ததில்ல."

கொஞ்ச நேரத்தில் துவாஸ் அணிக்குப் பெனால்டி கிடைத்தது. கொடுத்த நடுவரைத் துவாஸ் பையன்களே முறைத்தார்கள். உதைக்க வந்தவன் குடைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, பந்தைத் திடலுக்கு வெளியே ரேஸ் கோர்ஸ் சாலைக்கே அனுப்பிவிட்டான். பிறகு மங்களத்துக்காரர் ஒருவர் மூச்சு வாங்க நடந்தே பந்தைக் கொண்டுவந்தார். தடுக்க வேண்டியவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் உதைத்த பந்து உருண்டு உருண்டு வந்து கோலுக்குள் போகிற வரைக்கும் துவாஸ் கீப்பர் பொறுமையாகக் காத்திருந்து, அப்புறம் எதிர்ப்பக்கம் பாய்ந்தார்.

"மனசையே கட்டிப் போடுறாங்க" என்று முணுமுணுத்தார் லீலா. அவர் கண் கலங்கியிருந்தது.

நான்குக்குச் சுழியம் என்று ஆட்டம் முடிந்தது. மருதப்பன் அசையாமல் நின்றான். இந்த அதிசயம் இத்தனை வருடமாக இந்தத் திடலில், பஸ் போகிற சாலைக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது. உலகமே கவனிக்காதபோது அவன் கணக்கு மட்டும் கவனித்திருக்கிறது. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

அஹ்சன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கணக்கை நாங்க வாங்கிக்கிறோம். இதை வச்சு தனி நிகழ்ச்சியே பண்ணலாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் வேணும். தோத்த டீம் கேப்டன் வாயால இவங்களோட ரகசியம் என்னன்னு ரெண்டு வார்த்தை."

"மண்டே உங்க கன்ஃபர்மேஷன் லெட்டரை வாங்கிக்குங்க" என்று மருதப்பன் காதில் சொன்னார் லீலா.

அஹ்சன் கைப்பேசியில் படம்பிடிக்க ஆரம்பித்தார். மருதப்பன் சின்னராசுவை அழைத்து வந்து நிறுத்தினான்.

"தம்பி, மே தினத்துல அவ்வளவு பெரிய கிளப்பையே ஜெயிச்சவங்க நீங்க. இவங்களை மட்டும் ஏன் ஒரு தடவை கூட ஜெயிக்க முடியல? அந்தக் கோச்சம்மா அப்படி என்னதான் பண்றாங்க?"

சின்னராசு முகத்தைத் துடைத்துக்கொண்டு, குடைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அவங்க கோச் இல்ல சார், இந்த லீக்ல ஆடுற அத்தனை பேருக்கும் மூணு வேளை கேட்டரிங் சாப்பாடு அனுப்பற மங்களம் அக்கா, ஆடுனவங்க அவங்க சமையக்காரங்க, போன வருஷம் கால் தவறி ஒரே ஒரு கோல் போட்டுட்டோம், அந்த வாரம் பூரா மீன்கொழம்புல மீனே வரல."