உதைக்காத காலுக்கு ஒரு சிபாரிசு

திருத்தணி,
விரோதி வருஷம், ஆவணி 18, சனிக்கிழமை

புத்தூர் நெல்மண்டி மகாராஜராஜஸ்ரீ பங்காரு பாவா அவர்கள் சமூகத்துக்கு, திருத்தணி மலையடிவாரம் தேங்காய்க்கடை துரைக்கண்ணு அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை மணியம்மையும் சுகம். ஆடிக் கிருத்திகைக்கு வாங்கிப்போட்ட காயில் மீந்ததுதான் அழுகிவிட்டது. அங்கே நீங்களும் அக்காவும் குழந்தை அம்சாவும் எந்தக் குறையுமில்லாமல் இருக்க மலைமேல் இருப்பவன் பார்த்துக்கொள்வான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன தை மாசம் நீங்கள் என் கடை வாசலில் நின்று, பூக்காரி முதற்கொண்டு நாலு பேர் கேட்கும்படியாகச் சொன்னது உங்களுக்கு மறந்திருக்காது. "இதோ பாரு மாப்ளே, ஒம் புள்ள சுப்பன் இந்தியா சட்ட போட்டுகினு சீமைக்கே போயி பந்து ஒதச்சிட்டு வந்துகிறான், சந்தோசம். ஆனா பந்து ஒதைக்கிறவனுக்கு எம் பொண்ணு இல்ல. அந்தக் காலு என்னிக்கி சும்மா கெடக்குதோ அன்னிக்கி வா, தட்டு மாத்திக்கலாம்" என்றீர்கள். அன்று ராத்திரி என் பிள்ளை சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், "நைனா, மாமாகிட்ட சொல்லிடு, இனிமே ஒதைக்கல" என்றான். கப்பலேறிப் போய் வெறுங்காலோடு ஆடி, அந்த ஊர்க்காரர்கள் குனிந்து காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போன பிள்ளை, பாவா. உங்கள் பெண் அம்சாவுக்காக விட்டான். அதற்காகவாவது இந்தக் கடிதத்தைக் கடைசி வரைக்கும் படியுங்கள்.

அவன் ஆட்டத்தை விட்டான் என்று கேள்விப்பட்டதும் அரக்கோணத்து ரயில்வேப் பையன்கள் வந்து, எங்கள் கோஷ்டிக்கு மேனேஜராக இரு என்று கையோடு கூட்டிப்போய்விட்டார்கள். முதல் ஆட்டத்துக்கு நானும் சன்னதித் தெருவில் பாதிப் பேரும் மாலையோடு ரயிலேறிப் போனோம். போய்ப் பார்த்தால் பதினோரு பேர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறார்கள், என் பிள்ளை மட்டும் கோட்டும் பூட்ஸுமாக, மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். சீமை பார்த்து வந்தவனை இப்படி ஒதுக்கி நிறுத்தியிருக்கிறார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. நேரே உள்ளே போய் விசில் ஊதுகிறவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, எம் புள்ள என்னா தப்பு பண்ணியிருந்தாலும் மன்னிச்சி உள்ள சேத்துக்கோங்க" என்று கெஞ்சினேன். ஆட்டம் நின்றுபோனது. சுப்பன் ஓடி வந்து, "நைனா, இவுங்கள ஆட வெக்கிறதுதான் என் வேல. மானத்த வாங்காத, வெளிய வா" என்று இழுத்துக்கொண்டு போனான். கொண்டுபோன மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் விசில்காரருக்கே போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டாவது ஆட்டத்துக்குத் தேங்காய்க்கடைக்காரன் வெறுங்கையோடு போகலாமா? நம் கோலுக்கு முன்னால் சூடம் ஏற்றி, திருஷ்டி கழித்து, நல்ல காயாக ஒன்று உடைத்தேன். பாதி ஆட்டம் வரைக்கும் எதிரிகளால் பந்தை அந்தப் பக்கம் கொண்டுவரக்கூட முடியவில்லை. இடைவேளை முடிந்ததும் இரண்டு கோஷ்டியும் பக்கம் மாற்றிக்கொள்ளும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் காவல் வைத்த கோலில் போய் எதிரிகள் நின்றுகொண்டார்கள். நம் பையன்கள் அடித்த பந்தெல்லாம் கம்பத்தில் பட்டுத் திரும்பியது, நாம் இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். அடுத்த ஆட்டத்தில் புத்தியாக இரண்டு பக்கமும் ஒவ்வொரு காய் உடைத்தேன். ஒருத்தரும் கோல் போடவில்லை. அதற்குப் பிறகுதான் சுப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நைனா, தேங்காய மலைக்கு எடுத்துகினு போ, மைதானத்த எங்கிட்ட வுடு" என்றான். விட்டேன்.

விட்ட பிறகு பார்க்க வேண்டுமே! இஞ்சினில் கரி அள்ளிப்போடுகிற ஷரீப் என்று ஒரு பிள்ளை, முன்னால் நின்று ஆடுகிறவன். காற்றாய் ஓடுவான், ஆனால் பூட்ஸ் போடமாட்டான். "அண்ணே, அத மாட்டுனா காலு ஊமையாப் போவுதுண்ணே" என்று அடம். அன்று நல்ல மழை. சுப்பன் கோட்டோடு சேற்றில் உட்கார்ந்து, அவன் காலைத் தன் மடியில் வைத்துப் பூட்ஸை மாட்டித் தானே கயிறு கட்டினான். "சீமையில இந்த மாதிரிதான் மழ. வெறுங்காலு வழுக்கி, கோலு வாசல்லயே நான் வுழுந்தேன். அந்த வலி எனக்குத்தான் தெரியும். நீ வுழக் கூடாதுடா" என்றான். ஷரீப் அன்று விழவில்லை. கயிற்றுக்கு வெளியே நின்றபடி ஒருத்தன் உள்ளே இருக்கிற பதினோரு பேரையும் ஜெயிக்க வைக்க முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மழையில் யாருக்கும் தெரியவில்லை. அதிலிருந்து தோல்வி என்பதே கிடையாது. மெட்ராஸ் பத்திரிகையில் அவன் படம் வந்திருக்கிறது. பக்கத்தில் தெரிகிற முழங்கை என்னுடையது.

ஆக பாவா, நீங்கள் கேட்டபடியே கால் சும்மா கிடக்கிறது. தெருவில் பிள்ளைகள் பந்து உருட்டிவிட்டால்கூடக் கையால் எடுத்துத்தான் கொடுக்கிறான். இது உங்கள் தங்கை தலைமேல் சத்தியம். நாளை அரக்கோணத்தில் மெட்ராஸ் கோஷ்டியோடு கோப்பைக்கான கடைசி ஆட்டம், அதிலும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பான். ஆவணி முடிவதற்குள் நாள் பார்த்துச் சொன்னால் தட்டோடு வந்துவிடுவேன். அக்காவுக்கு என் கும்பிடு. அம்சா தலை நிறையப் பூவோடு இந்த வீட்டு வாசற்படி ஏற வேண்டும் என்று மணியம்மை விளக்கேற்றி வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் வார்த்தையை நம்பியிருக்கும்,
துரைக்கண்ணு

பின்குறிப்பு: திங்கட்கிழமை. நேற்று தபாலாபீஸ் மூடியிருந்ததால் கடிதம் என் பையிலேயே தங்கிவிட்டது. ஷரீப் வேலை பார்த்த கூட்ஸ் வண்டி மணவூரில் நின்றுபோய், நேற்று கடைசி ஆட்டம் தொடங்குகிற நேரத்துக்கு நமக்குப் பத்தே பேர். எல்லாரும் சுப்பனைப் பார்த்தார்கள், சுப்பன் என்னைப் பார்த்தான். "நைனா, மாமாவுக்கு வாக்கு குடுத்துட்டம்" என்றான். "வாக்கு குடுத்தவன் நான்டா. நான் பாத்துக்கறேன், நீ போய் ஆடு" என்று சொல்லிவிட்டேன். கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினான். உதைத்தான் பாவா! என்ன உதை! கடைசியில் அவன் போட்ட ஒரே கோலில்தான் கோப்பை வந்தது. கத்திக் கத்தி எனக்கு இன்னும் குரல் வரவில்லை. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொல்லி மணியம்மை அழுகிறாள். நான் கிழிக்கப்போவதில்லை. இனிமேல் உதைக்கமாட்டான் என்று என் வாயால் இன்னொரு தரம் சொல்லவும் மாட்டேன். நீங்கள் முடிவு பண்ண வேண்டாம், அம்சாவையே கேட்டு ஒரு வரி எழுதுங்கள். அவள் 'ஆங்' என்றால் தட்டோடு வருகிறேன். இல்லையென்றால் அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்காவது எல்லாரும் வாருங்கள், கயிற்றோரம் இடம் பிடித்து வைக்கிறேன்.