பச்சை முகத்து நிஷா

மாணவர் நலன் மற்றும் பாதுகாப்புக் குழுவின் கூட்டத்திற்கு அன்று வருகை புரிந்தோர்: மானாம்பதிச் சாலைப் பன்னாட்டு உறைவிடப் பள்ளியின் முதல்வர் ஞானதாஸ், மனநல ஆலோசகர் சோபியா, சிங்கப்பூரிலிருந்து சுவர்த்திரையில் எழுந்தருளிய பெற்றோர் பிரதிநிதி வினோத்குமார், விடுதிப் பணியாளர் செங்கேணி. செங்கேணியின் தோளில் காய்ச்சலோடு கிடந்த ஏழு வயது நிஷா, பிரதிநிதியின் மகளே ஆயினும், குழு உறுப்பினர் அல்லள் என்பதால் வருகைப் பதிவேட்டில் இடம்பெறவில்லை.

“சார், மூணு நாளா கொளந்தைக்கு ஜொரம். கஞ்சிகூட எறங்கல. உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும். கேட்டுல காட்ட ஒரு சீட்டு குடுங்க.”

“மாணவியிடமிருந்து முறைப்படி கோரிக்கை வந்ததா?” என்று வினவினார் முதல்வர்.

சோபியா நலச் செயலியைத் திறந்து பார்த்தார். “இல்லை சார். மூன்று நாளும் பச்சை முகம்தான். மகிழ்ச்சியாக இருக்கிறாள்.”

“அத்த யாரு அமுக்கினது?”

“யாரும் அழுத்த வேண்டியதில்லை, செங்கேணியம்மா. சிவப்பு முகத்தை அழுத்தாதவர்கள் மகிழ்ச்சியாக இருப்பதாகவே கருதப்படுவர்.”

“அமுக்கறதுக்குப் போன் எங்க கீது? அல்லாத்தையும் வாங்கிப் பூட்டி வெச்சிக்கினீங்களே!”

“கைப்பேசி குழந்தைகளின் மனநலத்தைக் கெடுக்கும்,” என்றார் சோபியா, மிகுந்த கனிவோடு.

குழந்தையின் மூச்சு செங்கேணியின் கழுத்தைச் சுட்டது. அவர் நேரே திரையின் முன்னால் போய் நின்றார்.

“நைனா, உங்க பொண்ணு. நீங்களே பாருங்க.”

“அப்பா…” என்றாள் நிஷா.

வினோத்குமார் மகளைப் பார்த்தார். பிறகு தம் கைப்பேசியைப் பார்த்தார். “முகம் கொஞ்சம் வாடின மாதிரி தெரியுது. ஆனா இங்க பச்சைதானே காட்டுது? மேடம், அந்த ரூம்ல லைட் சரியில்லையோ?”

“திரையில் அப்படித்தான் தெரியும் சார்.”

“அதானே பார்த்தேன்!” என்று அவர் நிம்மதியுற்றார்.

மறுநாள் தரச்சான்றுக் குழு வரவிருந்தது. ஆகவே முதல்வர் தீர்மானத்தை வாசித்தார்: ‘இவ்விடுதியில் நோயுற்ற மாணவர் எவரும் இலர்.’ தந்தையின் மின்கையொப்பம்தான் முதலில் வந்து சேர்ந்தது. மற்ற இருவரும் தொடர்ந்தனர்.

“நீங்களும் போடுங்கள் செங்கேணி. போடாவிட்டால் நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம்,” என்றார் முதல்வர்.

செங்கேணி இடுப்பிலிருந்த விடுதிச் சாவிக்கொத்தை அவிழ்த்துத் தீர்மானத்தின்மேல் வைத்தார். குழந்தையை முந்தானையால் போர்த்திக்கொண்டார்.

“எதிர்ப்பு ஏதும் தெரிவிக்கப்படவில்லை,” என்று குறிப்பேட்டில் எழுதினார் சோபியா. திரையில் ஒரு கட்டைவிரல் உயர்ந்தது.

சீட்டு கேட்டு மறித்த காவலாளியை விலக்கிவிட்டுச் செங்கேணி நடந்தார். குழந்தையோடு அவர் வாயிற்கதவைக் கடந்த அக்கணத்தில் தீர்மானம் உண்மையாயிற்று.